மிதந்தது சாகவில்லை

எனக்குக் குமட்டல் அவ்வளவு சுலபத்தில் வராது. பிணவறை வாசலில் நின்றுகொண்டு பன்னும் டீயும் சாப்பிட்டவன் நான். ஆனால் அன்று காலை புரொஃபசர் தன் மனைவியைப் பற்றிப் பேசியதைக் கேட்டபோது, அவர் வீட்டில் குடித்த காபி தொண்டைக்குத் திரும்பி வந்தது.

"கலப்படம் இல்லாத கேஸ். இந்த மாதிரி ஒண்ணு கிடைக்கறது ரொம்ப அபூர்வம்," என்றார். கட்டிய மனைவியைத்தான் சொன்னார்.

எதிரே உட்கார்ந்திருந்த என் முதலாளியம்மா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. தொழில் வட்டாரத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். நான் அக்கா என்பேன். என்னை அவர் வாயாடி என்பார். எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தமே நாங்கள் இருவர்தான். ஒருவர் யோசிப்பார், ஒருவர் பேசுவார். யார் எது என்று விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

விஷயம் இதுதான். புரொஃபசரின் மனைவிக்கு மூளையில் கட்டி. டாக்டர்கள் எடுக்க முடிந்ததை அறுத்து எடுத்துவிட்டார்கள். மிச்சத்துக்கு உடனே கதிர்வீச்சு ஆரம்பிக்கவேண்டும் என்றார்கள். அதனால் நோய் அடியோடு போய்விடாது, ஆனால் ஆயுசு கொஞ்சம் கூடும், அதில் சந்தேகமே இல்லை என்றார்கள். புரொஃபசர் மறுத்துவிட்டார். அதே நோய்க்கு அவரே பல வருஷமாக ஒரு மருந்து செய்துகொண்டிருக்கிறார். அலைந்து திரிந்து விசேஷ அனுமதி வாங்கிவிட்டார். நாளைக் காலை மனைவிக்கு முதல் வேளை. கூடவே கதிர்வீச்சும் கொடுத்தால் எது வேலை செய்தது என்று உலகத்துக்கு எப்படித் தெரியும்? அதனால் கதிர்வீச்சு வேண்டாம். ஆஸ்பத்திரி மனைவிக்காகப் பிடித்து வைத்திருக்கும் இடம் இன்று சாயங்காலம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு வரிசையில் நிற்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

இந்த நேரத்தில் யாரோ ஒரு பெண் வீட்டுக்குப் போன் செய்து, மருந்தைச் சாப்பிடாதே என்று மனைவியைப் பயமுறுத்துகிறாளாம். போன வருஷம் தான் வேலையைவிட்டு அனுப்பிய ஆராய்ச்சிக்காரிதான், வயிற்றெரிச்சல் தாங்காமல் செய்கிறாள் என்றார் புரொஃபசர். இன்றைக்குள் அவளைப் பிடித்து வாயை அடைக்கவேண்டும், அதற்குத்தான் நாங்கள்.

"அம்மா என்ன சொல்றாங்க சார்?" என்று கேட்டேன்.

"எந்த அம்மா?" என்றார். கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அந்த அம்மா உள்ளறையில் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் கம்பளிக் குல்லாய், அதன் ஓரத்தில் தையல் தழும்பு தெரிந்தது. பேச்சு மெதுவாக வந்தாலும் தெளிவாக இருந்தது. போனில் என்ன சொன்னார்கள் என்று அக்கா கேட்டதும், மனப்பாடம் செய்து வைத்ததைப்போலச் சொன்னார்.

"மிதக்கறது எதுவும் சாகலை. ஒட்டிக்கிட்டதுதான் செத்துச்சு. அந்த மருந்தைச் சாப்பிடாதீங்க. இவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்றா."

இந்த வார்த்தைகளைப் புரொஃபசரிடம் சொன்னீர்களா என்று கேட்டார் அக்கா. "அவர் கேக்கலையே," என்றார் அந்த அம்மா. புருஷன் வேலைக்குப் போனபிறகு, இவர் மதியம் ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் போன் வருமாம். துணியை வைத்துப் பொத்திக்கொண்டு பேசுகிற குரலாம். அக்கா யோசித்துவிட்டு, யாருமே கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"பேசி முடிச்சதும் போனை யார் முதல்ல வைப்பாங்க?"

"நான்தான். அவ வைக்கமாட்டா. நான் வைக்கிறவரைக்கும் லைன்லயே இருப்பா."

குரல் தெரிந்த குரலா என்று அடுத்ததாகக் கேட்டார் அக்கா. அதற்கு அந்த அம்மா குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னலைக் கொஞ்சம் சாத்தச் சொன்னார். நான் போய்ச் சாத்தினேன்.

காரில் ஏறியதும் அக்கா வாய் திறந்தார். "மிரட்டறவன் சொல்லவேண்டியதைச் சொல்லிட்டு டொக்குனு வெச்சுடுவான். எதிராளி முதல்ல வைக்கட்டும்னு காத்திருக்கறது யாருடா?"

"காதலிக்கறவன்," என்றேன். "அதுவும் கல்யாணத்துக்கு முன்னாடி வரைக்கும்தான்."

"இன்னும் ஒரு ஜாதி இருக்கு," என்றார் அக்கா. அதற்குமேல் பிடிகொடுக்கவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் எங்களுக்கு வரவேற்பு பலமாக இருந்தது. புரொஃபசர் தன் காரில் முன்னாலேயே வந்துவிட்டார். பக்கத்தில் வெள்ளைக் கோட்டை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு அவருடைய மாப்பிள்ளை நின்றிருந்தார். ஒரே மகளின் புருஷன். சோதனை எல்லாமே இவர் கையில்தானாம். "என் வலது கை," என்று அறிமுகப்படுத்தினார் மாமனார். வலது கை வாக்கியத்துக்கு ஒரு மாமா போட்டுப் பேசியது. ஆமாம் மாமா, கரெக்ட் மாமா, நீங்க சொன்னா சரி மாமா. அந்த இடத்தின் நெடியைவிட எனக்கு இதுதான் அதிகமாகப் புரட்டியது. நெடியும் லேசுப்பட்டது இல்லை, ஸ்பிரிட்டும் புளித்த கஞ்சியும் கலந்த மாதிரி மூக்கில் ஏறியது.

புரொஃபசர் மைக்ரோஸ்கோப்பில் ஒரு தட்டை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்புத் தண்ணீரில் சின்னச் சின்ன உருண்டைகள் மிதந்தன. யாரோ ஒருவர் தலைக்குள்ளிருந்து எடுத்தது இங்கே தின்று கொழுத்து உயிரோடு இருக்கிறது என்று நினைத்ததும் கண்ணை எடுத்துவிட்டேன்.

இவைதான் கட்டியின் தாய் செல்கள் என்றார். கட்டியை எவ்வளவு சுத்தமாக வெட்டி எடுத்தாலும் இதில் நாலு தங்கிவிட்டால் போதும், மறுபடியும் முழுக் கட்டியைப் பெற்றுப்போட்டுவிடும். இதற்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்றால், செல்லின் தோலில் ஒரு உத்தரவு வந்து விழுகிறது. அது கை மாறிக் கை மாறி நடுவிலிருக்கும் கருவுக்குப் போய்ச் சேர்கிறது. "தாயாவே இரு, பெத்துக்கிட்டே இரு, அவ்வளவுதான் உத்தரவு. என் மருந்து அந்த உத்தரவை நடுவழியில மறிச்சுடும். உத்தரவு வரலைன்னா தாய் தான் தாய்ங்கறதையே மறந்துடும். அப்புறம் செத்துடும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதெல்லாம் ஏன் மிதக்கிறது என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான். புரொஃபசருக்குப் பாடம் நடத்தச் சான்ஸ் கிடைத்துவிட்டது. பிறக்காத கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து சீரம் என்று ஒன்று எடுப்பார்களாம். அதை ஊற்றி வளர்த்தால் இந்தச் செல்கள் தட்டின் அடியில் அப்பிக்கொண்டு, தட்டையாகி, தாய்க்குணத்தை இழந்து சாதாரணச் செல்லாகிவிடுமாம். கன்றுக்குட்டி சமாசாரத்தை நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

"ஒட்டிக்கிச்சுன்னா அது தாயே இல்லை. அதைக் கொல்றது ஒரு வித்தையும் இல்லை, யாரு வேணா கொல்லலாம். அதனால நாங்க சீரம் ஊத்தறதே இல்லை. என் லேப்ல எல்லாம் மிதக்கும்," என்றார் பெருமையாக.

எனக்குச் சுருக்கென்றது. ஒட்டிக்கொண்டதுதான் செத்தது. மனைவியின் காதில் தினமும் விழுந்த வாக்கியத்தைப் புருஷன் தன் வாயாலேயே பாதி சொல்லிவிட்டார், அது அவருக்கே தெரியவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மாப்பிள்ளையின் மேஜைக்கு அடியில் இருந்த குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். மனுஷன் அலமாரியை அடுக்கி வைப்பான், குப்பையை அடுக்கி வைக்கமாட்டான் என்பார்.

தொட்டிக்குள் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பை. அது நிறைய மெல்லிய குச்சிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் தட்டையான ஒரு சின்ன அலகு. அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார். எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை முட்டாள்தனமான கேள்வி கேட்பது. அதில் நான் கைதேர்ந்தவன்.

"சார், இங்க ஐஸ்கிரீமும் தருவீங்களா? இத்தனை குச்சி கிடக்குதே."

"அது சுரண்டிப்பா," என்று சிரித்தார் புரொஃபசர். "தட்டோட அடியில ஒட்டின செல்லைச் சுரண்டி எடுக்கறதுக்கு..." அதோடு சிரிப்பும் பேச்சும் நின்றன.

"மிதக்கறதை எதுக்குங்க சுரண்டணும்?" என்று கேட்டார் அக்கா.

மாப்பிள்ளையின் புன்னகை முகத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது. வேறு யாருடைய குப்பையாவது இங்கே வந்திருக்கும் என்று முதலில் சொன்னவர் புரொஃபசர்தான். உடனே மாப்பிள்ளை, ஆமாம் மாமா, பக்கத்து ரூம் குப்பை மாமா என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமனார் மறைக்க, மாப்பிள்ளை சோறு போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

நல்ல ரிசல்ட் கொடுத்த தட்டு ஒன்றை எடுத்துக் காட்டமுடியுமா என்று அக்கா தணிவாகவே கேட்டார். செல் வளர்க்கும் பெட்டியைப் புரொஃபசர் தானே திறந்தார். கதவின் கொக்கி எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷமாக அவர் தட்டைத் தொடாமல் திரையில் படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று. மாப்பிள்ளையின் கையெழுத்திருந்த தட்டு ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, விரலால் ஓரத்தைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். குனிந்தவர் நிமிரவே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். உருண்டை ஒன்றுகூட இல்லை. தட்டின் தரையோடு தரையாக ஏதோ அப்பிக்கிடந்தது, தட்டினாலும் அசையவில்லை.

மாப்பிள்ளை சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தத்தான் முடியவில்லை. உருண்டைகள் ஒருநாளும் சாகவில்லையாம். மருந்து ஒரு வழியை மறித்தால் உத்தரவு வேறு வழியாகப் புகுந்து போய்ச் சேர்ந்துவிடுகிறதாம், ஒரு தெருவை அடைத்தால் ஜனங்கள் பக்கத்துச் சந்தில் நுழைந்து போவதைப்போல. அதை மாமாவிடம் ஒரு தடவை சொன்னாராம். கையாலாகாதவன் என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாராம். அப்புறம்தான் சீரத்தை ஊற்றினார். எல்லாம் ஒட்டிக்கொண்டு, சாதுவாகி, மருந்து பட்டதும் செத்தன. மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தோளில் தட்டிக்கொடுத்தாராம். அதற்கப்புறம் சாண் என்ன முழம் என்ன என்று ஆகிவிட்டதாம்.

"அதுக்கப்புறம் உங்க அத்தைக்கே வந்துடுச்சே," என்றேன். "அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அத்தைக்கு எப்படியும் ரொம்ப நாள் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு சார். எப்படியும் போறவங்கதானே."

என் கை தானாக மேலே போனது. அக்கா முழங்கையைப் பிடித்து இறக்கினார். அவர் பிடி அவ்வளவு அழுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

சரி, பெரிய மனுஷராவது ஏதாவது செய்வார் என்று புரொஃபசரைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி அது. இரண்டாவதாக, மருந்து கெட்ட மருந்து இல்லை, மனித உடம்பில் ஒருவேளை வேலை செய்தாலும் செய்யும், இப்போது நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று எல்லாருக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்று முணுமுணுத்தார். இரண்டு வேலியும் சேர்ந்து பயிரை மேய்கிற கதை. எனக்கு அந்த இருவரும் மூச்சுவிட்ட காற்றைச் சுவாசிக்கவே கூசியது.

"சாயங்காலம் வரைக்கும்தான் ஆஸ்பத்திரியில இடம்," என்று மட்டும் ஞாபகப்படுத்தினார் அக்கா. பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார். "வீட்டுல இதை யார்கிட்ட சொன்னீங்க?"

மனைவியிடம்தான். ஒருநாள் பாரம் தாங்காமல் அழுது சொல்லிவிட்டு, வெளியே விட்டால் வேலையும் போகும் குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும் என்று குழந்தை தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாராம். புரொஃபசர் தலையை நிமிர்த்தினார். போன் செய்தவள் யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது காரில் அக்காவே சொன்னார். "பெத்தவ முதல்ல போனை வைக்கட்டும்னு காத்திருக்கறது பொண்ணுங்கடா. என் பொண்ணும் அப்படித்தான். சண்டை போட்டாலும் அவ முதல்ல வைக்கமாட்டா."

மகள் அங்கேதான் இருந்தாள். அம்மாவுக்குச் சூப்பைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். தினமும் வருவாளாம், ஊட்டுவாளாம், துடைத்துவிடுவாளாம். வீட்டுக்குப் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு போன் செய்வாளாம். நாங்கள் வந்ததுமே அவள் முகம் செத்துவிட்டது. அக்கா சுற்றி வளைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை அந்த அம்மாவிடம் நேராகச் சொன்னார், போன் செய்தது இவள்தான் என்று மகளையும் காட்டினார்.

"சத்தியம் பண்ணிட்டேங்க," என்றாள் மகள். "என் புள்ளை மேல. வேற நான் என்ன செய்யமுடியும்? சொல்லாம இருந்துட்டேனா? தினமும் சொல்லத்தானே செஞ்சேன்."

நியாயம் பேசுகிறாள். புருஷனுக்கும் துரோகம் இல்லை, அம்மாவுக்கும் துரோகம் இல்லை, சத்தியத்துக்கும் சேதம் இல்லை. அம்மாவின் மிச்ச ஆயுசு மட்டும் போகட்டும். மூன்று பேருமே படித்தவர்கள், மூன்று பேருமே கையில் ரத்தக்கறை படாமல் கொல்லக் கற்றவர்கள்.

அந்த அம்மா சூப்புக் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி எதையும் காணோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றார் அக்கா.

"முதல் போன்லயே தெரியும்," என்றார் அவர். "துணி என்னங்க, செவுத்தையே குறுக்க வெச்சாலும் பெத்தவளுக்குத் தெரியாதா? மிதக்கறதும் ஒட்டறதும் தெரியும். இத்தனை வருஷமா சாப்பாட்டு மேஜையில வேற என்ன பேச்சு? அவ சொன்னதும் மாப்பிள்ளை என்ன பண்ணியிருக்காருன்னு புரிஞ்சுபோச்சு."

அப்புறம் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று நான் கத்தியேவிட்டேன். நாளைக்கு வாயைத் திறந்து அந்த மருந்தை வாங்கிக்கொண்டிருப்பீர்களா என்றேன்.

"வாங்கிட்டிருப்பேன். நான் மறுத்தா ஏன்னு கேப்பாங்க. சொன்னா இவ குடும்பம் போயிடும். சரி, போறதுன்னு ஆயிடுச்சு, யாருக்காவது உபயோகமா போவோம்னு நெனச்சேன்." மகளைப் பார்த்தார். "ஆனா ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு இருந்தேன். ஒரு போன்லயாவது அம்மானு கூப்பிட்டுச் சொல்லுவாளான்னு. கூப்பிட்டிருந்தா அந்த நிமிஷமே மருந்து வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அவ கூப்பிடலை."

மகள் அம்மா என்று அழைத்துக்கொண்டு கட்டிலருகே மண்டியிட்டாள். வெளியே புரொஃபசரின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா இரண்டு கையையும் ஊன்றி எழுந்து நின்றார். தள்ளாடியதும் நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். அக்காவிடம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று விசாரித்தார். பக்கம்தான் என்றார் அக்கா.

வாசலில் புரொஃபசர் தன் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை பின்னால் நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த அம்மா இரண்டு பேரையும் தாண்டி வந்து, சீட் கிழிந்த எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவர்களுடைய கார் எங்களை ஒட்டியே பின்னால் வந்தது.

கதிர்வீச்சுப் பிரிவில் விளக்கை அணைக்கத் தயாராக இருந்தார்கள். இடம் இன்னும் போகவில்லை. மேஜையில் இருந்த நர்ஸ் பேர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தாள். புருஷன், மகள், மாப்பிள்ளை மூவரும் மூச்சிரைக்க வந்து நின்றிருந்தார்கள்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க? சொந்தக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

அந்த அம்மா திரும்பி ஒவ்வொருவராக, நிதானமாக, மூன்று பேரையும் பார்த்தார். பிறகு நர்ஸின் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.

"யாரும் வரலைம்மா," என்றார். "நானே போடறேன்."